மேல்மாடி ஜன்னலில் அண்ணன்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. 1926 சித்திரையில், ரங்கூனில், பட்டப்பகலில் என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

பசுந்தாங் ஓடைப் பக்கம் வெள்ளைக்காரர்களின் ரகசியச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது. முகப்பில் பருத்த தூண்கள், மாடியில் வரிசையாகப் பச்சை ஜன்னல்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாததால் நம் ஆட்கள் அதற்கு வாய்க்கு வந்தபடி ‘தலைவெட்டிக் கோயில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் அண்ணன் பொன்னுத்துரையும் அங்கே வெள்ளையடிக்கப் போனோம். அன்றுதான் முதல் நாள். மாடிக் கூடத்துக்குள் ஒரே ஒரு வேலையாள்தான் போகலாம் என்பது சங்கத்தின் கட்டளை. அண்ணன் ஏணியும் லாந்தருமாக ஏறிப்போனார். நான் முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மேலே ‘தொம்’மென்று ஒரு சத்தம்.

ஓடினேன். காவல்காரர் இனாயத்துல்லா வாசலை மறித்தார்.

“அண்ணன் விழுந்துட்டாரு போல, பாய்!”

“உன்னை விட்டா என் வேலை போயிரும் தம்பி. வெளியே நின்னு கூப்பிட்டுப் பாரு.”

பக்கவாட்டில் போய்க் கத்தினேன். “அண்ணே!”

ஒரு ஜன்னல் திறந்தது. அண்ணன் நின்றார். முகமெல்லாம் சுண்ணாம்பு. கையைக் காட்டினார்... அங்கேயே இரு, வராதே என்று.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் என்னைக் கண்டால் கிண்டல் பண்ணாமல் இருக்கமாட்டார் அண்ணன். அன்று வாயே திறக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே கை... கொஞ்சமும் மாறாமல்.

ஜன்னல் மூடியது. சத்தமே இல்லை.

காத்திருந்தேன். வெயில் சாய்கிறவரை.

“இன்னுமா இறங்கலை?” இனாயத்துல்லாவுக்கே பயம் வந்துவிட்டது. என்னோடு மாடியேறிக் கூடத்துக் கதவைத் திறந்தார்.

கும்மிருட்டு. தீக்குச்சி உரசினார்.

ஏணி சாய்ந்து கிடந்தது. கறுப்பும் வெள்ளையுமான தரையில் அண்ணன்...

தொட்டேன். சில்லிட்டிருந்தார்.

அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மரத்துப்போனது அப்படியே இருக்கிறது. வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறக்கலாமென்று சுவரைத் தடவினேன். நாலு சுவரையும் தடவினேன்.

“ஜன்னல் எங்கே, பாய்?”

“இந்தக் கூடத்துக்கு ஏது ஜன்னல்? யாரும் எட்டிப்பார்க்கக் கூடாதுன்னு கட்டும்போதே வைக்கலை. வெளியே தெரியறது அழகுக்குச் சுவர்மேல அடிச்ச பலகை.”

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். விழுந்ததும் சாகவில்லையாம். இரண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கிறதாம். உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாராம்.

அப்படியென்றால் நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றபோது அண்ணன் உயிரோடுதான் கிடந்திருக்கிறார். என்னை வராதே என்றது அவருடைய ஆவிகூட இல்லை.