குளிர்ந்துகொண்டே வந்த ராத்திரிகள்

ஏழு வருஷம் தென்காசியின் ராத்திரிச் சூட்டை நோட்டில் எழுதியவன் நான். ஒருநாள் விடாமல் எழுதினேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கணக்கும் சயன்ஸும் நடத்திக்கொண்டிருந்தேன். மைதானத்து ஓரத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், மெட்ராஸ் வானிலை ஆபீஸ்காரர்கள் வைத்துப்போன, நாலு கால் உள்ள வெள்ளை மரப்பெட்டி ஒன்று நின்றது. பக்கமெல்லாம் சாய்த்து அடித்த பலகைகள். காற்று போகும், வெயில் போகாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் படுத்த வாக்கில் இருக்கும். அதில் பாதரசம் கிடையாது, ஸ்பிரிட். ஸ்பிரிட்டுக்குள் ஒரு கறுப்பு ஊசி. ராத்திரி குளிரக் குளிர ஸ்பிரிட் சுருங்கி ஊசியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சூடு ஏறினால் ஸ்பிரிட் மட்டும் திரும்பி ஏறிவிடும். ஊசி இறங்கின இடத்திலேயே கிடக்கும். காலை எட்டு மணிக்கு ஊசி எங்கே நிற்கிறதென்று பார்த்து எழுதிவிட்டு, குழாயைச் சாய்த்து ஊசியைப் பழையபடி மேலே விட வேண்டும். ராத்திரியில் அரை மணி நேரம் குளிர்ந்தாலும் அதுதான் அந்த ராத்திரியின் கணக்கு. மற்ற நேரமெல்லாம் எப்படி வெந்தது என்று அந்த ஊசி சொல்லாது.

ஊர்க்காரர்களுக்கு அது புறாக்கூடு. "என்ன சார்வாள், புறா முட்டை போட்டுட்டா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான். உள்ளே இருப்பது ஸ்பிரிட் என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து, "சார்வாள் விடிஞ்சதும் சாராயத்தத்தான் பாக்காரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் என்று என்னைப் பெற்றவளே சொல்லியிருக்கிறாள். "வெவரங்கெட்ட பயலுவளா, இது மெட்ராஸுக்குப் போற கணக்குலே" என்று சத்தம் போடுவேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

எல்லாரையும்விட என்னைக் கடுப்பேற்றியவர் என் சகலை. என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். குற்றாலத்தில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். தோப்பை ஒட்டி ஓலை வேய்ந்த வீடு. கோடையில் அருவி வெறும் பாறையாக, ஒரு ஓரத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும், "எங்க ஊர்ல ராத்திரி போர்வ இல்லாமப் படுக்க முடியாதுவே" என்பார். மூன்று மைல் தூரத்தில் என்ன பெரிய குளிர்ச்சி வந்துவிடும்? எல்லாம் மனப்பிராந்தி என்று நான் வாதம் பண்ணுவேன். "குத்தாலத்துக் காத்து உம்ம கூட்டுக்குள்ள அடங்காதுவே" என்பார் அவர்.

அவருக்குக் காட்டுவதற்காகவே கிராப் தாள் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வருஷமும் சித்திரை, வைகாசி ராத்திரிகளைக் கூட்டி வகுத்து ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால், கோடு வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கியது. தென்காசியின் கோடை ராத்திரிகள் குளிர்ந்துகொண்டே வந்தன! ஊர் பூராவும் போன வருஷத்துக்கு இந்த வருஷம் புழுக்கம் ஜாஸ்தி என்று விசிறியும் கையுமாக அலையும். நான் மட்டும் தாளை விரித்துக் காட்டுவேன். நான் ஒருவன்தான் அளந்தவன் என்ற திமிர் இருந்தது. இப்போது அந்தத் திமிரை நினைத்தால் வெட்கம்கூட வருவதில்லை. யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பது மாதிரித்தான் இருக்கிறது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தது. எங்கள் வீடு தெருவோடு ஒட்டி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு கிடந்த வீடு. பச்சைப் பிள்ளையை ராத்திரி வெளியே போடக்கூடாது, காற்றுக்கருப்பு அடித்துவிடும் என்பது வழக்கம். தாயும் பிள்ளையும் உள்ளறையில் படுத்தார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. நான் மொட்டை மாடியில் படுத்தேன். ஆம்பிளைகள் எல்லாரும் கோடையில் அங்கேதான் படுப்பார்கள்.

பங்குனிக் கடைசியில் அவள் கேட்டாள். "சித்திரை பொறக்கதுக்கு முந்தி அக்கா வீட்டுக்குப் போயிருதேன். சாரல் விழுந்ததும் வந்துருதேன்."

"இங்கன என்ன வந்துட்டு ஒனக்கு?"

"உள்ள படுக்க முடியல. ஒரே வேக்காடு. பிள்ளைக்கு ஒடம்பு பூரா வேர்க்குரு."

சகலை வீட்டுக்குக் குளிர்ச்சி தேடி என் பிள்ளை போவதா? அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கமாட்டாரா? நான் நோட்டை எடுத்துவந்து விரித்தேன். "இங்க பாருட்டி. போன வருஷத்தவிட இந்த வருஷம் ராத்திரி குளிர்ச்சி. அதுக்கு முந்தின வருஷத்தவிட போன வருஷம் குளிர்ச்சி."

அவளுக்கு எழுத்தும் எண்ணும் தெரியும். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது பள்ளிக்கூடத்து ராத்திரிலா. பிள்ள இங்கனல்லா கெடக்கு" என்றாள்.

"அப்போ நான் பொய்யா எழுதுதேன்?" என்று கத்தினேன். பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டது. அவள் பிறகு கேட்கவில்லை. சித்திரையில் ஒருதரம், அவள் அக்காள் வந்திருந்தபோது, இரண்டு பேருமாகக் கேட்டார்கள். அப்போதும் நோட்டைத்தான் காட்டினேன். மதினி என் முகத்துக்கு நேரே, "நோட்டக் கொண்டுபோய் அடுப்புல வைங்க" என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன்.

வைகாசி பிறந்து சில நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. அழுகை மெலிந்து, பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார். "சூடு சார் இது. குழந்தை உடம்பில் தண்ணீரே இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். குற்றாலத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றால் உடனே கொண்டுபோங்கள்" என்றார்.

உடனே என்றுதான் சொன்னார். நான்தான், காலையில் எட்டு மணிக்கு ரீடிங் பார்த்துவிட்டு வண்டி கட்டலாம் என்றேன். ஏழு வருஷத்தில் ஒருநாள் விட்டதில்லையே!  அவள் விடிய விடிய சங்கால் தண்ணீர் புகட்டினாள்.

காலையில் போய்ப் பார்த்தேன். அந்தக் கோடையிலேயே அதுதான் ரொம்பக் குளிர்ந்த ராத்திரி என்று ஊசி காட்டியது. எழுதினேன். வண்டியில் ஏறியதும் அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலகரம் தாண்டினதும் மலைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வந்தது. பிள்ளை சத்தம் காட்டாமல் கிடந்தது. காற்றுப் பட்டதும் தூங்கிவிட்டது என்று நினைத்தேன். அவள்தான், "வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெட்டிக்குப் போனேன். கல்நெஞ்சக்காரன் என்று சிலபேர் சொன்னார்கள். மனசைத் தேற்றிக்கொள்கிறான் என்று சிலபேர். இரண்டும் இல்லை. எட்டு மணி ஆனால் கால் அந்தப் பக்கம் போயிற்று, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சாரல் விழுந்தது. தெருவில் பிள்ளைகள் நனைந்துகொண்டு ஓடின. வீட்டில் தொட்டிலை அவிழ்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை; கோபம்கூட வரவில்லை. புறா முட்டை போட்டதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் திட்டியிருக்கமாட்டேன். சோறு போட்டால் தின்றேன். அவளும் அப்படித்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

அடுத்த பங்குனியில் மெட்ராஸ் வானிலை ஆபீஸிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். மறுநாள் காலையில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தவர், ரயில் வசதியைப் பார்த்து முதல்நாள் சாயங்காலமே வந்துவிட்டார். நேரே மைதானத்துக்கு வந்தார். நான் அப்போதுதான் கிணற்றில் நாலு வாளி தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக் குளித்துவிட்டு நின்றேன்.

"உங்கள் ஊர் நோட்டைப் பார்க்கத்தான் வந்தேன். பட்டணத்தில் கோடை ராத்திரி வருஷத்துக்கு வருஷம் சூடு ஏறிக்கொண்டு போகிறது. வீடும் ரோடும் பெருகப் பெருகக் குளிரவே மாட்டேன் என்கிறது. உங்கள் ஊரில் மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறதே" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் என் ஈரத் துண்டும் வேட்டியும் விரித்துக் கிடந்தன. காற்று வருகிற பக்கத்தை இரண்டும் மூடிக்கொண்டிருந்தன.

"இது யாருடையது?"

"என்னுடையதுதான் சார். இங்கே போட்டால் சீக்கிரம் காயும்."

எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றேன். இங்கே குளிக்கிறவன் எவனும் ஈரத்துணியை வீடுவரை தூக்கிக்கொண்டு நடக்கமாட்டான். ஆற்றங்கரையில் வேலி, மரம், மண்டபத்துக் கல் எது கண்ணில் பட்டாலும் விரித்துப் போடுவான். எனக்குக் கண்ணில் பட்டது பெட்டி. காலையில் ரீடிங் பார்க்க வரும்போது காய்ந்திருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்வேன். முதல் வருஷம் துண்டு மட்டும்தான். புழுக்கம் கூடக் கூட வேட்டியையும் அலசிப் போட ஆரம்பித்தேன். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கு உடம்பு எரிந்தது. கட்டியிருந்தது, அழுக்காகக் கிடந்தது என்று இரண்டு வேட்டியையும் நனைத்துப் போட்டேன்.

சயன்ஸ் வாத்தியார் நான். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறை ஏன் குளிர்கிறது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன்.

இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்து இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்து வேப்பமரத்து நிழலில் தொங்கவிட்டார். அரை மணி நேரம் காத்து நின்றோம். பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மரத்தில் தொங்கியதையும் பார்த்தேன். பெட்டிக்குள்தான் சூடு குறைவு. அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை வாங்கி, ஏழு கோடைகளின் பக்கங்களிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கிராப் தாளை நான் காட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, வேட்டி, மரத்தில் தொங்கிய தெர்மாமீட்டர், பென்சில் கோடு. ஒரு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசினது அன்றைக்குத்தான். பேசினது நான் மட்டும்.

"அப்போ அந்த ராத்திரியெல்லாம் வேக்காடுதான்" என்றாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியும்லா." அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "துண்டு போட்டது தெரியாமச் செஞ்சது. அத விடுங்க. பிள்ள ராத்திரி பூரா அழுதுச்சே. மாடிக்குக் கேட்டுதா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் அவள் அப்படிக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

"கேட்டுது" என்றேன். "திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அன்றைக்கு நான் மாடிக்குப் போகவில்லை. உள்ளறையில், பிள்ளை கிடந்த இடத்தில், பாயை விரித்துப் படுத்தேன். பத்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை.