ஆதிமூலம் பேசாத ஞாயிறுகள்

ரிஷிவந்தியத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் ஆதிமூலத்துக்குத் தன்னைப் பற்றி எந்தச் சந்தேகமும் கிடையாது. தான் ஒரு ஓயாத வாய் என்பது அவருக்கே தெரியும். கல்யாண வீட்டில் மைக்கைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் அவர் மணமக்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினால், முடிப்பதற்குள் முதல் பந்தி எழுந்துவிடும். எழுந்து போகாமல் கேட்கிற ஒரு ஆள் தனக்கு இன்னும் பிறக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் காதில், வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் யாரோ போட்டுவிட்டார்கள். எழுந்து போக முடியாத ஒரு பையன், அவனுக்கு அறிவுரை சொல்ல அரசாங்கத்தின் அனுமதி. ஆதிமூலம் அன்றைக்கே பெயர் கொடுத்தார். ஊரில் சமூக சேவை என்று சொல்லிக்கொண்டார்.

கிடைத்த பையன் அருள்மொழி, வெள்ளிமலைப் பக்கம், பதினோராம் வகுப்பு. கூட்டாளியோடு சேர்ந்து யாருடைய பைக்கையோ எடுத்துப் போய், பெட்ரோல் தீர்ந்த இடத்தில் மாட்டிக்கொண்டவன். சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனைக் கூர்நோக்கு இல்லத்தில் அடைத்து வைக்காமல், அம்மா சாலம்மாளிடமே விட்டிருந்தது. ஞாயிறுதோறும் தன்னார்வலர் போய்ப் பார்க்க வேண்டும், அவனும் ஒழுங்காக இருக்க வேண்டும். பிசகினால் இல்லம்தான், படிப்பும் போச்சு.

வெள்ளிமலை மலைமேல் இருக்கிறது என்பதை மட்டும் ஆதிமூலம் யோசிக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வயிற்றைப் புரட்டியது. தயார் செய்திருந்த சொற்பொழிவு காலை இட்லியோடு ஜன்னல் வழியே போயிற்று. சாலம்மாள் வீட்டில் பாயில் விழுந்தவருக்குக் கண்ணைத் திறந்தால் மலையே சுற்றியது. அருள்மொழி பக்கத்தில் உட்கார்ந்து சாமை அறுப்பு, கணக்கு வாத்தியார், விட்டுப் போன அப்பா என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவர் "உம்" கொட்டினார். அதில் பாதி குமட்டலை அடக்கப் போட்ட "உம்". எலுமிச்சம்பழம், மாத்திரை, முன்சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதிதான். கடைசியில் இரண்டு ஞாயிறு, வேலை இருக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு கீழேயே இருந்துவிட்டார்.

விசாரணை நாளில், குழுமத்தின் நீதிபதி அம்மா அருள்மொழியிடம் இவர் தவறாமல் வருகிறாரா என்று கேட்டார்.

"எல்லா நாயித்துக்கெழமையும் வந்தாருங்க" என்றான் அவன், கண்கூட இமைக்காமல்.

பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுக்கப் போனவரைப் பையன் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறான். உண்மையைச் சொன்னால் அவனை இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஆதிமூலத்துக்குப் பயமாக இருந்தது. சும்மா இருந்து நாளைக்கு வெளியே தெரிந்தால், மாட்டுவதும் அவன்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரெண்டு வாரம் நான் போவலைங்கம்மா. பஸ்ல வாந்தி வருது. தப்பு என் மேலதாங்க, பையன ஒண்ணும் பண்ணிடாதீங்க."

உறுப்பினர் ஒருவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று அருள்மொழியைக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நெஜத்த சொன்னா வேற ஆள போட்டுடுவீங்கன்னுதாங்க. எல்லாரும் புத்தி சொல்லிக்கினே இருக்காங்க. இவருதான் நான் பேசறத கேக்கறாரு."

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் செய்யாத வேலைக்கு.

நீதிபதி பையனைக் கண்டித்து, அம்மாவோடே போகச் சொன்னார். தன்னார்வலரை மாற்ற வேண்டாம், ஆனால் இனி ஒரு ஞாயிறும் தவறக்கூடாது என்றார்.

வெளியே வந்ததும் சாலம்மாள் சொன்னாள்: "நீங்க வராத ரெண்டு வாரமும், கடைசி பஸ்ஸு போறவரைக்கும் இவன் ஸ்டாப்புலயே குந்திக்கினு இருந்தான்ங்க. வூட்டுக்கு வாடான்னா வரல."

ஆதிமூலத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகையும் வந்தது. அருள்மொழியின் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னதுல பாதிய நான் கேக்கவே இல்லடா. மொதல்லேர்ந்து சொல்லு."

அருள்மொழி பஸ் நிலையம் வரைக்கும் நடந்துகொண்டே சொன்னான்.