பதினேழாம் சீட்டு

என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது. தீப்பெட்டி அகலம், வெளுத்த பென்சில் எழுத்தில் 17. பர்ஸ் மூன்று முறை மாறிவிட்டது. சீட்டு மாறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஒரு டேனரி. அங்கே வேலை செய்யும் பெண்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சராசரியாக எவ்வளவு என்று பார்க்க வேலூரிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள்: விரலில் ஊசி குத்த சிஸ்டர், கணக்குப் போட நான். குறைவென்று வந்தால் எல்லோருக்கும் சத்து மாத்திரை தர முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் சோதிக்க வழியில்லை. வருகைப் பதிவேட்டுப் பெயர்களுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி நாற்பது எடுத்தேன். நாற்பது பேரும் வந்தார்கள். விடை அழகாக இருந்தது. இரண்டு எண்கள், நடுவே விரல் நுழையாத இடைவெளி. இந்த வழியில் நூறு தடவை கணக்கிட்டால் தொண்ணூற்றைந்து தடவை உண்மைச் சராசரி அப்படியோர் இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும் என்று சிஸ்டரிடம் பெருமையாக விளக்கினேன். இரண்டு எண்ணுமே குறைவில்லை; மாத்திரைக்குத் தேவையே இல்லை.

சிஸ்டர் பஞ்சை மடித்தபடி சொன்னார்: "பேரு கூப்ட்டா பாதிப் பேரு சட்டுனு திரும்பல சார். கவனிச்சீங்களா?"

எண்களைத்தான் கவனித்திருந்தேன். தோல் அலசும் தொட்டியருகே ஒருத்தியை நிறுத்திக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். "இன்னா சிஸ்டர், தெரியாத மாதிரி? ஒருத்திக்கு ஒடம்பு முடியலன்னா அவ பேர்ல நாங்க வந்து நிப்போம். இல்லன்னா வேலை போய்டும். மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க, பேஜாராய்டும்." படுத்துக் கிடந்தவர்களின் பெயரில் திடமானவர்களின் ரத்தத்தை அளந்திருக்கிறேன். வெளியே சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மாத்திரை போகும்.

இரண்டு சாயங்காலம் வீடு வீடாக நடந்தோம். பெயருக்கு உரியவளின் விரலில்தான் இம்முறை ஊசி. அளவை அவரவர் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். பெயரை எங்கும் எழுதவில்லை. பதினேழாம் சீட்டுக்குரிய வீட்டில் சுவரோரம் விளக்கு எரிந்தது. டேனரியில் அந்தப் பெயருக்கு விரல் நீட்டிய பெண்தான் கதவைத் திறந்தாள். "அக்கா செத்து மூணு வாரம் ஆவுது. அவ வேலைய நான் வெச்சிருக்கேன்" என்றாள்.

தெருவுக்கு வந்ததும், வேறொரு சீட்டு எடுத்து நாற்பதாக்கிவிடலாமா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ.

"வாணாம் சார்," என்றார் சிஸ்டர். "அந்த எடத்துல ஏற்கெனவே ஒருத்தி நின்னுட்டிருக்கா."

முப்பத்தொன்பதை வைத்துக் கணக்கிட்டேன். சராசரி இறங்கியது, இடைவெளி அகன்றது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாப்பா, இங்கேர்ந்து அங்க வரைக்கும் இழுக்கற? கரெக்டா ஒரு நம்பர் சொல்லேன்."

"மேல இருக்கற நம்பர எடுத்துக்கினாலும் கம்மிதான் பாய்," என்றார் சிஸ்டர்.

மாத்திரை வந்தது. மேஸ்திரி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அக்காவின் பெயர் வந்ததும் தங்கை சட்டென்று திரும்பினாள். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது கணினி நொடியில் இடைவெளியைச் சொல்லிவிடுகிறது. எத்தனை பேரை அளந்தாய் என்று அது கேட்கும்போது மட்டும் என் கை பர்ஸுக்குப் போகிறது. சீட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம் ஒன்றுமே எழுதப்படவில்லை.