சட்டத்தின் பின்னால் மடித்த படம்

எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரீப்பர் கட்டையில் பென்சிலால் குறித்த அளவுகள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. ஆனால் என் மகளையும் என் மனைவியின் அண்ணனையும் பற்றிய ஒரு விஷயம் போன வருடத்திலிருந்து மனதில் கிடக்கிறது. பேசிச் சொல்ல முடியாததை, எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

பேட்டையில் உள்ள ஒரு பிளெக்ஸ் கடையில் எனக்கு வேலை. அச்சடிப்பது கடைக்காரர். மரச்சட்டம் அடித்து, பிளெக்ஸை இழுத்து ஆணி வைத்து, சவுக்குக் கம்பு நட்டு நிறுத்துவது நான். கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, கோவில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும் செய்வேன். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. பார்த்தால் பிழைக்க முடியாது. அதைவிட, எனக்கு இது பிடிக்கும் இது பிடிக்காது என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாயே வராது.

விழா முடிந்து கழற்றிய பிளெக்ஸ்கள் என்னிடம் வந்து சேரும். எங்கள் மாட்டுத் தொழுவத்துக்கு அவைதான் கூரை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், மேடையில் ஒருவரையொருவர் கிழிக்கிற தலைவர்கள் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு எங்கள் எருமைமேல் மழை விழாமல் பார்த்துக்கொள்வார்கள்.

"எப்பா, நாட்டுல அமையாத கூட்டணி நம்ம தொழுவத்துல அமைஞ்சிருக்கு" என்று என் மகள் சிரிப்பாள்.

அவள் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் பிடித்துப் போய்வருவாள். என்னைப் போல இல்லை. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அந்தப் பழக்கம் அவளுக்கு என் மச்சானிடமிருந்து வந்தது.

மச்சான் வாழைத்தார் வாங்கி விற்பவர். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உவரியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவர் எங்கள் தெருவுக்கு வரும் நாள் அது. மகள் ஏழாவது படிக்கும்போது மச்சானின் கண்ணாடி உடைந்துபோய், பேப்பரை அவளைப் படிக்கச் சொன்னார். மறுவாரமே புதுக் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் அவள் படிப்பதும் அவர் கேட்பதும் நிற்கவில்லை. படிப்பதைவிடச் சண்டை போடுவதுதான் அதிக நேரம்.

பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று வந்தபோது மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா ஏத்திட்டுப் போனா ஊரு சுத்தத்தான் செய்வாளுவ."

"ஆம்பளைங்க டிக்கெட் எடுத்து ஊரு சுத்தலாம், இவுக சுத்தக் கூடாதாக்கும்? எங்கம்மா ஆறு மாசத்துக்கு ஒருக்கத்தான் சித்தியப் பாக்கப் போவா. இப்ப மாசம் தவறாம போறா. சித்தி உங்களுக்கும் தங்கச்சிதான மாமா? அரசாங்கத்துக்குச் செலவுதான். எனக்கு நல்ல செலவாத் தெரியுது."

இந்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவரும் ஒரே பக்கம் என்று நினைப்பேன். அங்கேயும் ஒரு முடிச்சுப் போடுவாள். "திணிச்சா உங்ககூட நானும் ரோட்டுக்கு வாரேன். ஆனா புரோட்டாக் கடையில வேல பாக்க வடக்கத்திப் பையன்கிட்ட நானா நாலு வார்த்த கேட்டுப் படிச்சா, அதுக்கு யாரும் கோவப்படக் கூடாது."

மதுக்கடைகளை மூட வேண்டுமா என்று கேட்டார் ஒருநாள். "அதுல எனக்கு இன்னும் தெளிவா ஒண்ணும் தோணல மாமா. மூடணும்னு இருக்கு. மூடுனா பழையபடி காட்டுக்குள்ள காய்ச்சுவானுவளோனு பயமாவும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுதேன்." இத்தனை கட்சிக்காரர்களுக்குச் சட்டம் அடித்திருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வாரத்தின் நல்ல நேரம்.

மச்சான் எங்கள் சமுதாயச் சங்கத்தின் கிளைச் செயலாளர். நல்ல மார்க் எடுத்த எங்கள் சாதிப் பிள்ளைகளுக்குச் சங்கம் வருடா வருடம் பரிசளிப்பு விழா நடத்தும். போன வருடம் விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "பன்னெண்டு பிள்ளைய படம் பேனர்ல வருது. நம்ம ஆளும் அதுல உண்டு" என்றார்.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "என் படம் வேண்டாம் மாமா."

"என்னத்துக்கு? திருடிட்டு வந்தவ மாதிரி மூஞ்சிய மறைக்க?"

"மார்க்குக்காகப் படம் போட்டா சந்தோசந்தான். கல்லூரி வாசல்ல போடட்டும். அங்க என் பக்கத்து சீட்டுக்காரி படமும் இருக்கும். அவ என்னவிட ரெண்டு மார்க் கூட. உங்க பேனர்ல அவ வரமாட்டால்லா."

"அவுக சங்கத்துல அவுக போடட்டும். யாரு தடுத்தா?"

"அதான் மாமா சொல்லுதேன். அவ தெருவுல அவ படம், நம்ம தெருவுல என் படம். பஸ்ஸுல ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்து வாரோம். பின்னால பையனுவ கையில கட்டியிருக்க கயித்துக் கலரப் பாத்து ஒருத்தனுக்கொருத்தன் இடம் விடுதானுவ. பேனரு பெரிய கயிறு. அவ்வளவுதான்."

மச்சான் குரலை உயர்த்தவில்லை. அவர் கோபப்பட்டால் குரல் இறங்கும். "நீ சீட்டு வாங்குனது எந்தச் சான்றிதழக் காட்டி?"

"சாதிச் சான்றிதழக் காட்டித்தான். இடஒதுக்கீடு வேணும்னுதான் சொல்லுதேன். தாத்தாவ யாரும் படிக்க விடல, அதுக்கு அந்தச் சான்றிதழ். அது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி மாமா. காட்டுதோம், மருந்து வாங்குதோம். அதப் பெருசா அச்சடிச்சு வாசல்ல மாட்டுவோமா?"

"அப்ப நான் இத்தன வருசமா ஒரு நோயக் கட்டிக்கிட்டு அலையுதேன்னு சொல்லுத."

"உங்களச் சொல்லல."

"வேற யாரச் சொல்லுத?" கையை இலையில் ஊன்றிக்கொண்டு என்னைக் காட்டினார். "உங்கப்பன் கம்பத்துலருந்து விழுந்து காலு ஒடிஞ்சு கெடந்தப்ப ரத்தம் குடுக்க வந்தது யாரு? ஒன் பக்கத்து சீட்டுக்காரி தெருவுலருந்தா வந்தாவ? சங்கத்துப் பையனுவதான் வந்தானுவ."

அது உண்மை. என் உடம்பில் ஓடுவது அவர்கள் ரத்தமும்தான். மகளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள். "அது நெசந்தான் மாமா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அதுக்காக என் படத்தப் போடச் சொல்லவும் எனக்குத் தோணல."

"அச்சுக்குப் போயாச்சு" என்று மச்சான் எழுந்துவிட்டார். என் மனைவி ரசச் சட்டியோடு நின்றாள். இருபது வருடத்தில் அவர் ரசம் வாங்காமல் எழுந்தது அன்றுதான்.

"வாய வச்சுக்கிட்டு ஒருநாள் சும்மா இருக்கக் கூடாதாட்டி" என்று மனைவி மகளைக் கடிந்தாள். அப்புறம் அவளும் சாப்பிடவில்லை. நான் வழக்கம்போல இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரவில்லை. மகள் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. போட்டது போட்டபடி நாற்காலியில் கிடந்தது. இரண்டு மணிக்கு மேல் வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்குவாள். இவர்கள் இருவரும் இப்படியே இருந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மச்சானும் பிடிவாதக்காரர். அவளும் அதே வார்ப்பு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அந்த பிளெக்ஸ் என் கைக்கே வந்தது. பத்துக்கு ஆறு அடி. மேலே சங்கத் தலைவர், கீழே வரிசையாகப் பன்னிரண்டு முகங்கள். என் மகள் வலது ஓரத்தில் கடைசி. அவளுக்கு மேலே வெறும் மேகம்தான், எழுத்து எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

சட்டத்தில் பிளெக்ஸை இழுக்கும்போது ஓரத்தில் நாலு விரல் அளவு பின்னால் மடித்து ஆணி அடிப்போம். நான் சட்டத்தை ஓர் அடி குறைத்து அடித்தேன். வலது பக்கத்தை ஓர் அடி உள்ளே மடித்தேன். மகள் படம் பின்னால் போய்விட்டது. முன்னால் பதினொரு முகம் அழகாக நின்றது. கேட்டால் அளவு தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மச்சானையும் எதிர்க்கவில்லை, மகள் மனதையும் நோகடிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது. இருட்டும் முன் ஊர் பஸ் நிறுத்தத்தில் நட்டுவிட்டு, சாலையிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்து டீக்கடை அண்ணாச்சி போன் செய்தார்.

"வே, பேனர வந்து பாரும்."

"விழுந்துட்டா அண்ணாச்சி?"

"விழல, நல்லாத்தான் நிக்கு. ஒம்ம மகதான் எங்களயே பாத்துக்கிட்டு இருக்கா."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பேனரின் முகம் சாலையைப் பார்த்து இருந்தது. முதுகு டீக்கடையைப் பார்த்து. அச்சடித்த பக்கத்தைப் பின்னால் மடித்தால் படம் பின்பக்கம் பார்க்கும் என்பது இருபது வருடம் இந்தத் தொழில் செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் தோன்றவில்லை. வெள்ளை வெளேரென்ற முதுகில் என் மகள் முகம் மட்டும், தலைகீழாகக்கூட இல்லாமல், நேராக நின்று பெஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. முன்னால் பன்னிரண்டில் ஒன்றாக இருக்க வேண்டியவளுக்கு நான் தனியாக ஒரு பேனர் வைத்திருந்தேன்.

"இவளுக்கு முன்னால காலு மேல காலு போட்டு டீ குடிக்கக் கூச்சமா இருக்குவே" என்றார் ஒருவர்.

"மத்த பதினோரு பேரும் ரோட்டப் பாக்காவ. இவ நீங்க கடன் சொல்லுதியளானு பாக்கா" என்றார் அண்ணாச்சி.

ஆணியைப் பிடுங்கலாம் என்று சுத்தியலைக் கையில் எடுத்ததும் மச்சான் வண்டி வந்து நின்றது. அவர் முன்னால் நின்று முகங்களை எண்ணினார். பிறகு பைய நடந்து பின்னால் வந்தார். அதே நேரம் மகளும் கல்லூரிப் பையோடு பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

"நீ சொல்லிக் குடுத்தியாட்டி?" என்றார் அவளிடம். இரண்டு வாரத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல மாமா. நான் உங்ககிட்டதான் சொன்னேன். எடுத்தா நீங்க எடுக்கணும்னுதான் இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எப்பா, நான் மாமா மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நீங்க என்னயப் பின்னால மடிச்சு ஒளிச்சு வச்சிருக்கியளே."

"நல்லாக் கேளு" என்றார் மச்சான்.

பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்க நான் பேசியதே இல்லை. கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தான் மச்சான். பிள்ள சொன்னது எனக்குச் சரினு படுது. அன்னைக்கே சொல்லிருக்கணும். வாய் வரல."

மிச்சத்தையும் சொன்னேன்.

"எனக்கு ரத்தம் குடுத்த பையனுவள நான் மறக்கல. போன ஞாயித்துக்கெழம பேப்பரு பிரிக்காம கெடந்துச்சு. அதுவும் எனக்குப் பிடிக்கல."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆன நாள்லருந்து இன்னைக்குத்தான் ஒரு அபிப்பிராயம் சொல்லுதீரு மாப்ள. அதுவும் எனக்கு எதிரா."

பிறகு வண்டிப் பெட்டியைத் திறந்து வாழைத்தார் அறுக்கும் அரிவாளை எடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்கவே. பிளெக்ஸ அறுக்கப் போறேன்" என்றார்.

மடித்த ஓரத்தை மட்டும், முகத்தில் கீறல் விழாமல், பார்த்துப் பார்த்து அறுத்தார். அறுத்துக்கொண்டே அவளிடம், "நான் சொன்னது தப்புனு நான் ஒத்துக்கல, பாத்துக்க" என்றார்.

"சரி மாமா."

"நாளைக்குச் சங்கத்துல என்னய என்ன கேப்பானுவ தெரியுமா?"

"நான் வேணா வந்து சொல்லுதேன் மாமா."

"நீ வந்து சொல்லிக் கிழிச்ச. பஸ்ஸு வருது, போ."

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த இடத்தை ஏற்கெனவே ஒரு பெண் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தாள். இரண்டு மார்க் கூட வாங்கியவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். மச்சானும் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பஸ் போனதும் படத்தைச் சுருட்டி வண்டிப் பெட்டிக்குள் அரிவாள் படாமல் வைத்தார்.

"நல்லா விழுந்திருக்கு படம். உம்மகிட்ட குடுத்தா தொழுவத்து மேல போட்டுருவீரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் விழா ஒன்றரை மணிக்கு முடிந்தது. மச்சான் இரண்டேகால் மணிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ரசம் வாங்கிக்கொண்டார்.