உள்ளங்கைக்கு ஒரு பித்தளை இதழ்: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

மின்கிதாரின் உறுப்பு ஒன்றைப் புதிதாய் வடிவமைத்துச் செய்துகொள்ளச் சிதம்பரம் வரை போனேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். இணையத்தில் கிடைக்காததா என்கிறார்கள். எல்லார் கைக்கும் பொருந்துவது எங்கும் கிடைக்கும். என் தம்பியின் கைக்குப் பொருந்துவது எங்கும் இல்லை. இல்லாததைத் தேட முடியாது, செய்யத்தான் வேண்டும்.

தம்பி ஆரோக்கியராஜ், கடலூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழுவில் கிதார் வாசிப்பவன். சென்ற ஆண்டு வண்டியிலிருந்து விழுந்ததில் வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்காமல் நின்றுவிட்டன. கட்டைவிரலில் வளையம் மாட்டி எப்படியோ மீட்டிவிடுகிறான். ஆனால் கிதாரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கோல் ஒன்று உண்டு. கடைகளில் ‘வேமி பார்’ என்பார்கள். அதைப் பற்றி அசைத்தால்தான் ஒலி நீரில் விழுந்த நிலவைப் போல நடுங்கும். அந்தக் கோலை அவனால் பற்ற இயலவில்லை. நடுக்கமில்லாத வாசிப்பு தன் வாசிப்பே அன்று என்றான். புதுச்சேரி நண்பனிடம், “கிதார திங்கக்கெழம வந்து எடுத்துக்க” என்றும் சொல்லிவிட்டான். இடையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாப் பூசை ஒன்றுதான்.

ஆகவே தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றோம். விரலால் பற்றும் கோலுக்கு மாற்றாக, உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தும் ஒரு பித்தளைத் தகடு. இதுவே எங்கள் எண்ணம். கிதார் உறையோடு அவன் சன்னலோரம் அமர்ந்தான். உப்பனாற்றின் மேல் பனி எழாமலும் கலையாமலும் கிடந்தது. யாரோ எங்களை உறக்கத்திலேயே ஏற்றி அனுப்பிவிட்டதுபோல் இருந்தது.

சிப்காட் தொழிற்பேட்டை பத்துக் கிலோமீட்டருக்குள்தான். இறங்கியதும் வேதிக்காற்று மூக்கில் ஏறும், கைக்குட்டை கொண்டுபோங்கள். சாலையோரப் பட்டறை ஒன்றை மாலதி என்ற பெண் நடத்துகிறார். ஆலைகளின் குழாய்களுக்கும் அடைப்பிதழ்களுக்கும் உதிரி உறுப்புகள் செய்பவர். கணினியில் வரைவதும் அவரே, பொறியில் வெட்டுவதும் அவரே.

“சாம்பிள் குடுங்கக்கா,” என்றார்.

“முன்மாதிரி கிடையாது. இனிமேல்தான் பிறக்க வேண்டும்.”

“தேஞ்சி போனதாவது, ஒடஞ்சி போனதாவது ஒண்ணு வேணும்க்கா. கம்பெனிக்காரங்க பழசத்தான் கொண்டாந்து போடுவாங்க. நாங்க அதப் பாத்துத்தான் புதுசு போடுவோம்.”

அந்தப் பேட்டையின் வழக்கமே அது. பழையது வந்தால்தான் புதியது போகும். தம்பி தன் வலக்கையை மேசைமேல் வைத்தான்.

“ஒடஞ்சது இதாங்க.”

மாலதி சிரிக்கவில்லை. குழாய்க் கசிவை அடைக்கும் பசையைப் பிசைந்து தட்டையாக்கி, “அமுக்குங்கண்ணே. வாசிக்கிறப்ப எப்பிடி அமுக்குவீங்களோ அப்பிடி” என்றார். தம்பி கிதாரை மடியில் கிடத்திக் கண்ணை மூடி அழுத்தினான். பசை இறுகியதும் அளந்தார், வரைந்தார், பழைய கோலைக் கழற்றிய துளையிலேயே பொருந்தும்படி திருகாணி அமைத்தார். பதினொன்றரைக்கெல்லாம் இதழ் வடிவில் ஒரு தகடு என் கையில் இருந்தது. வியர்த்தாலும் கை வழுக்காதபடி அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய கீறல்கள். வடிவமைப்புக்கும் வெட்டுக்குமாய்த் தொள்ளாயிரம் ரூபாய்.

“ஓரம் கூரா இருக்கு, கையக் கிழிச்சிடும். நம்மகிட்ட பாலிஷ் கெடையாது. சிதம்பரத்துல வெளக்குக்குப் பாலிஷ் போடுறவங்ககிட்ட குடுங்க, பட்டா வெண்ணெ மாரி ஆக்கிடுவாங்க.”

அங்கிருந்து சிதம்பரம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்தில் ஒரு மணி நேரம். புதுச்சத்திரம் தாண்டியதும் வயல்கள் இருபுறமும் மிதந்தன. வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து மெதுவாகச் சென்றது. தம்பி தகட்டைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்திருந்தான். மேடைப்பேச்சே தொழிலாய்க் கொண்டவளுக்குப் பேச்சில்லாத அந்த ஒரு மணி நேரம் கனவு போன்றது.

கீழவீதியை ஒட்டிய சந்தில் சபாபதியின் மெருகுக் கடை. வாசலெங்கும் குத்துவிளக்குகள், மணிகள், தாம்பாளங்கள். “ஓரத்தை மழுக்கிக் கொடுங்கள்” என்று சொல்லித் தகட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். உள்ளூர்க் கத்தரிக்காய்க் கொத்சு கிடைத்தால் விடாதீர்கள். திரும்பி வந்தபோது சபாபதி பெருமிதத்தோடு தகட்டை நீட்டினார். அதில் என் முகம் தெரிந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை.

தம்பி அதைக் கிதாரில் திருகி மாட்டினான். உறையில் கொண்டுவந்த சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் இணைத்து மீட்டி அழுத்தினான். கை வழுக்கிற்று, நரம்புகள் ‘ஞொய்ங்’ என்று அலறின. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் வழுக்கிற்று.

“போதும்க்கா. எடுத்துக்கினு போயிடலாம்,” என்றான்.

அவன் அதைச் சொன்ன மென்மையே என்னைக் கொளுத்திவிட்டது. “ஐயா! கேட்டது ஓரம், நீங்கள் தீட்டியது உடல்! அந்தக் கீறல் குறையன்று, அவன் கைக்குப் பிடி! யாரைக் கேட்டு அழித்தீர்கள்? நாளைக் காலையில் இவன் வாசிக்க வேண்டும். இல்லையேல் இனி என்றுமே வாசிக்கமாட்டான்!” சந்து முழுக்க ஒலித்தது.

சபாபதி காதைத் தேய்த்துக்கொண்டார். “மைக்கு இல்லாமயே இப்பிடியா மேடம்? எதுத்த கடக்காரரு, ரெய்டு வந்துட்டாங்கன்னு ஷட்டர எறக்குறாரு பாருங்க.”

திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே பாதி இறங்கியிருந்தது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பின் நான் கேட்ட முதற்சிரிப்பு.

“கீறலோட ஒரு சாமான் இங்கேருந்து வெளிய போனா நாலு வீதியிலயும் என்னைய சிரிப்பாங்க. எங்களுக்குப் பழக்கம் அதானே?” என்ற சபாபதி தம்பியின் பக்கம் திரும்பினார். “மாப்ள, இன்னொருக்கா வாசி. எங்க வழுக்குதுன்னு பாப்போம்.”

வாசித்தான். அவர் கல்லாப்பெட்டிக்கு மேலிருந்த சுவர் மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து, நீரில் குழைத்து, தம்பியின் உள்ளங்கை அடிமேட்டில் தடவினார். “இப்ப அமுக்கு.” தகட்டில் செம்மையாய் ஒரு திட்டு படிந்தது. அத்திட்டின்மேல், தாம்பாளங்களில் பூ வேலை செய்யும் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொட்டத் தொடங்கினார். “கீறல்தான் போட மாட்டேன். பூ போடுவேன். பூவும் சொரசொரன்னுதான இருக்கும்?” முற்பகலில் வெறும் கீறல்கள் இருந்த இடத்தில், பிற்பகலில் எட்டிதழ்த் தாமரை ஒன்று மெல்ல மெல்ல மலர்ந்தது. மெருகுக்கும் பூவுக்குமாய் இருநூற்றைம்பது ரூபாய். என் சொற்பொழிவுக்குத் தள்ளுபடி எதுவும் இல்லை.

மறுநாள் பூசையில், காணிக்கைப் பாடலின் இடையே குரல்கள் ஓய்ந்த ஓரிடத்தில் அவன் அழுத்தினான். கை நின்றது. ஒலி நடுங்கிற்று; வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் மெல்ல நகர்ந்த அந்தப் பேருந்து எனக்குள் மீண்டும் நகர்ந்தது. நடுக்கம் அடங்கும்வரை நான் கண் திறக்கவில்லை.

இதுபோல் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், ஒரே நாளில் முடியும். கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். வரைபடம் வேண்டாம், உங்கள் கையே முன்மாதிரி. மெருகுக் கடையில் எது வழவழப்பாக வேண்டும் என்று சொல்வதற்கு முன், எது சொரசொரப்பாகவே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் போனேன். ஆகவே தாமரை கிடைத்தது. உங்களுக்கும் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது.

பூசை முடிந்து கோயில் வாசலில் தம்பி புதுச்சேரி நண்பனை அழைத்தான். “மச்சான், நாளைக்கு வராதடா. இல்லடா, குடுக்கல. வேல இருக்கு அதுக்கு.” கைப்பேசியைப் பிடித்திருந்த வலக்கை என் பக்கம் திரும்பியிருந்தது. மடங்காத இரு விரல்களுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டில், எட்டிதழ்த் தாமரை சிவக்கச் சிவக்கப் பதிந்திருந்தது.