ஆறு டிரைவரும் என் இடது காதும்

எங்கள் ஊரில் பட்டுச் சேலையை அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து நம்பமாட்டார்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி கருகுகிற வாசனை வந்தால்தான் பட்டு. பிள்ளையார்பாளையத்தில் இருபத்தைந்து வருடமாகத் தறியில் உட்காருகிற நானும் அப்படித்தான். ஆனாலும் ஒரு இயர்போனை அதன் பெட்டியை நம்பி வாங்கினேன்.

பேருந்து நிலையத்துப் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. வாய் ஓயாது. பெட்டியின்மேல் காதைக் குறுக்கே அறுத்ததுபோல ஒரு படம், உள்ளே ஆறு குட்டி மத்தளங்கள்.

“ஒரு காதுக்கு ஆறு டிரைவருணா, ஆறு குட்டி ஸ்பீக்கரு,” என்றார். “சாதா இயர்போன்ல ஒருத்தனே எல்லா வேலையும் இழுத்துக்கினு கெடப்பான். இதுல தவிலுக்குத் தனி ஆளு, கொரலுக்குத் தனி ஆளு, ஜால்ராவுக்குத் தனி ஆளு.”

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா. குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற அந்த நாடா ஒன்றாக இருப்பதைவிட மூன்றாக இருந்தால் சேலைக்கு மதிப்பு கூடும். மூன்றுக்கே அப்படியென்றால் ஆறுக்குக் கேட்க வேண்டுமா? ‘இதுவரை கேட்காததைக் கேட்பீர்கள்’ என்று பெட்டியில் ஆங்கிலத்தில் போட்டிருப்பதையும் அவரே படித்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒரு பஜனைப் பாட்டைப் போட்டேன். வலது காதில் ஜால்ரா மழைத்துளி மாதிரி விழுந்தது. இடது காதில் ஜால்ராவே இல்லை. பாட்டுக்காரர் பானைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. ஜால்ராவுக்கான ஆள் இடது பக்கம் வேலைக்கு வரவில்லை என்று முடிவுகட்டி, மறுநாள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இடது பக்கத்தைத் தன் காதில் செருகிக்கொண்டு தலையாட்டினார். “ஜால்ரா சுத்தமா வருதேணா.”

அப்படியானால் பழுது என் காதிலா? நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காது வழியாக வந்ததுதான். வானொலி, டீக்கடைப் பேச்சு, மாகறலிலிருந்து கீரைக்கூடையோடு வரும் அம்மாள் வெயிலைத் திட்டுவது. “சூரியன் இன்னிக்கு நம்ம வூட்லயே குடி வந்துட்டான்பா” என்பார் அவர். இப்படி யார் எதைச் சொன்னாலும் சேர்த்து வைத்துக்கொள்வேன். அந்த வாசல் அடைபட்டால் அப்புறம் நான் யார்?

என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரரே வழி சொன்னார். புது இயர்போன் விறைப்பாக இருக்குமாம். நாலு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டால் ஆறு டிரைவரும் இளகித் திறந்துகொள்ளுமாம். கம்பெனிக்காரனே சொல்வதாம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நாலு நாளும் இயர்போன் ஒரு துணிப்பைக்குள் தறிக்காலில் தொங்கிக்கொண்டு யாருக்கும் இல்லாமல் பாடியது. வலது காதில் மாட்டுவதை இடது காதில் மாட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் விஷயம் தெரிந்துவிடும். எனக்கும் அது தெரியும். கை அதற்குத்தான் வரவில்லை.

அதற்குள் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. டீக்கடையில் நான் எப்போதும் பெஞ்சின் இடது கோடியில் உட்காருகிறேன். எல்லோரும் என் வலப்பக்கமே இருக்கட்டும் என்றுதான். எவ்வளவு காலமாக அப்படி? தெரியவில்லை. மூன்றாம் நாள் காந்தி ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த ஒரு பைக் என் சட்டையை உரசிக்கொண்டு போனது. அவன் அவ்வளவு நேரம் ஹாரன் அடித்தானாம். கூட்டம் அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டியது.

கரை நாடாவை வாங்கித் தள்ள என் மனைவி தறியில் எனக்கு இடப்பக்கம் உட்காருவாள். அன்று அவள் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். “உங்க காது உங்க சௌகரியத்துக்குத்தான் தெறக்குது,” என்று இடித்தாள். சிரித்து மழுப்பினேன்.

ஐந்தாம் நாள் காலை பையிலிருந்து எடுத்து மாட்டினேன். இடப்பக்கம் அதே பானை. நூல் வெட்டும் பிளேடை எடுத்து இடது இயர்போனின் மூட்டைக் கீறி, கம்பி அறாமல் திறந்தேன். உள்ளே காசு அளவுக்கு ஒரே ஒரு டிரைவர். மற்ற ஐந்தின் இடத்தில் ஒன்றோடும் சேராத வெறும் தகரத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

ஏமாந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுப்படிக்கு ஓடி மனைவியிடம் காட்டினேன். ஆறு என்று சொல்லி ஒன்றை வைத்திருக்கிறான், ஜால்ரா எப்படி வரும் என்று கத்தினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தாள்.

“அந்தப் பக்கமும் ஒண்ணுதானே வெச்சிருப்பான்? அதுல மட்டும் எப்படிக் கேக்குது?”

அதையும் கீறினோம். அங்கேயும் ஒன்றுதான். அவள் பாட்டைப் போட்டு, திறந்து கிடந்த இடது பக்கத்தைத் தன் காதில் வைத்தாள். பிறகு அதை என் வலது காதில் வைத்தாள். ஜால்ரா கணீரென்று விழுந்தது. இடது காதுக்கு மாற்றினாள். பானை.

என் முகத்தையே பார்த்தாள். “எத்தினி நாளாங்க?”

“தெரியலமா.”

வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டுதான் அடுத்ததைச் சொன்னாள். “சட்டையப் போடுங்க. போலாம்.”

காது டாக்டரின் ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் என்னைத் தனியாக உட்காரவைத்தார்கள். தலையில் ஒரு ஹெட்போன். அதில் எந்த எழுத்தும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வலது காதுக்கு வந்த சத்தங்களுக்கெல்லாம் சரசரவென்று அழுத்தினேன். அப்புறம் இடது பக்கம் என்று வெளியே மெஷின் முன்னால் இருந்த பெண் சைகை காட்டினாள்.

நிசப்தம். அவள் விரல் எதையோ தட்டுகிறது. கண்ணாடிக்கு அந்தப்புறம் மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டதாக அழுத்திவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? கட்டைவிரல் பொத்தான்மேல் வியர்த்து வழுக்கியது.

அழுத்தவில்லை. கேட்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.