கற்பூரம் சுட்ட கை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடியாகக் கரண்டியால் சோறு தின்றவர் என் அப்பா ஒருவர்தான். துரையின் காரை ஓட்டுகிறவருக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளிடம் இதைப் பெருமையடித்தே பாதிப் பேரின் பகையைச் சம்பாதித்திருந்தேன்.

உண்மையில் அப்பாவின் வலது கை சோற்றைப் பிசைய மறுத்துவிட்டிருந்தது. துரை விடுமுறையில் சீமைக்குப் போயிருந்த மழைக்காலத்தில், கார் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று அப்பா அதைக் கிளப்பப் பார்த்தார். முன்பக்கத்தில் செருகிச் சுழற்றும் ஹேண்டில் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிட்டது. அடிவாரத்துக் கிராமத்திலிருந்து வெதமாத்தையா என்கிற சிங்கள வைத்தியர் ஒருவர் வந்து, எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். துரை கப்பலேறித் திரும்புவதற்குள் எலும்பு கூடிவிட்டது. பிடி மட்டும் திரும்பி வரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. இது அம்மாவுக்கும் அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் கரண்டியை நான் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தக் கார் பெரிய சண்டைக்கு முன்பே வந்திறங்கிய பழசு. அதன் ஸ்டியரிங் சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மர வளையம், நடுவில் பித்தளைக் கால்கள். நமுனுகுல மலையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு அதை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டும். அப்பா இடது கையாலும் வலது முழங்கையாலும் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் முழங்கை வழுக்கி, கார் ஓரத்து மண்மேட்டில் உரசி நின்றது. துரையின் தொப்பி கழன்று தேயிலைக்குள் விழுந்தது. அப்பா மழையின் மேல் பழியைப் போட்டார். துரை தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தரம் இப்படி ஆனா, மம்பட்டி எடுத்துக்கிட்டு பெரட்டுக்குப் போ."

அன்று சாயங்காலம் அம்மா அழுதாள். விடிகாலைப் பெரட்டில் நின்று பேர் கொடுப்பது கேவலம் என்பதற்காக அல்ல. ஸ்டியரிங்கைப் பிடிக்காத கை மம்பட்டியையும் பிடிக்காது. வேலை செய்ய முடியாதவனுக்குத் தோட்டத்தில் பேர் கிடையாது. பேர் இல்லாதவனுக்குக் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. கையைப் பற்றித் துரையிடம் சொல்லிவிடலாமே என்று மாமா மெதுவாக ஆரம்பித்தார். "என் கைக்கு என்னடா?" என்று அப்பா பாய்ந்த பாய்ச்சலில் மாமா வாயை மூடிக்கொண்டார். அப்பாவுக்கு வீம்பு அதிகம். மணிக்கட்டோடு அதுவும் கொஞ்சம் முறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்திக்கு, கொழுந்துக் கூடைக்கு, தேயிலை ஸ்டோர் இயந்திரங்களுக்கு, கடைசியில் காருக்கு. அந்த வருடம் காருக்குத் திருஷ்டி சுற்றும் வேலையை மாமா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். தேங்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி, காரின் படியில் ஏறி நின்று, ஸ்டியரிங்குக்கு மேலாகச் சுற்றினார். சுற்றி முடித்துக் கீழே இறங்கி, முன்னால் போட்டிருந்த கல்லில் உடைக்க வேண்டும். மாமா இறங்கவில்லை. "ஐயோ, சுட்டுருச்சு!" என்று ஒரு கத்துக் கத்தினார். தேங்காய் ஸ்டியரிங்கின் மேல் இறங்கியது.

கை தவறி விழுந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கை தவறி விழுந்த தேங்காய்க்கு நல்ல பலம். மர வளையம் இரண்டாகப் பிளந்து, பித்தளைக் கால் ஒன்று கோணிக்கொண்டது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது உருண்டு போய் ஓரமாகக் கிடந்தது. பெண்கள் அபசகுனம் என்று வாயில் கைவைத்தார்கள். நானோ சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பா எல்லார் முன்னாலும் மாமாவைத் திட்டித் தீர்த்தார். துரை வந்து பார்த்தார். சத்தம் போடாமல், ஸ்டோர் வேலையிலிருந்து மாமாவை எடுத்து மேல்காட்டில் விறகு வெட்டப் போட்டார். அட்டைக்கடியும் குளிருமான இடம் அது. சூடான அடுப்படியை விட்டு அங்கே போக யாரும் விரும்ப மாட்டார்கள். மாமா கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். புதிய ஸ்டியரிங்குக்குக் கொழும்புக்கு எழுதுவதாகவும், அதுவரைக்கும் எதையாவது மாட்டி ஓட்டும்படியும் துரை சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் பண்டாரவளையில் ரயிலேற வேண்டும்.

"ஒடச்சவனே போய்த் தேடிக் கொண்டாரட்டும்" என்றார் அப்பா.

தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டியில் மாமா பதுளைக்குப் புறப்பட்டார். நானும் அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். கடைவீதியில் பழைய இரும்புச் சாமான் விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. அவர் கடையில் இரண்டு ஸ்டியரிங் தொங்கின. ஒன்று எங்கள் காரில் இருந்ததைப் போலவே, அச்சு மாறாமல். இன்னொன்று லொறியினுடையது. அம்மா அரிசி புடைக்கும் சொளகைவிடப் பெரியது. நானா சின்னதைக் கழற்றித் துடைத்து நீட்டினார்.

"இதுதான் காருக்குச் சரியா இருக்கும் தம்பி. அது லொறிக்குள்ளது."

"பெருசே குடுங்க நானா. ஒத்தக் கையால சுத்துனாலும் திரும்புமில்ல?"

"திரும்பும். லொறியையே திருப்பினது. ஆனா ஓட்டை பெரிசு, தண்டில ஆடும்."

"ஆடாம நான் பாத்துக்கிறேன்."

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சரியானது கண்முன்னால் தொங்கும்போது இந்த மனிதருக்கு என்ன வந்தது? வெளியே வந்ததும் எனக்கு ஒரு பொட்டலம் கல்கண்டு கிடைத்தது. "சின்னது ஒண்ணு இருந்துச்சுன்னு வீட்டுல சொல்லிறாத தாயி" என்றார். தேங்காயைத்தான் பிடிக்கத் தெரியவில்லை, சாமான் வாங்கவும் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு கல்கண்டைச் சப்பினேன்.

மறுநாள் கார்க் கொட்டகையில் வேலை நடந்தது. பழைய வளையத்தைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. மரைச்சுற்றில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்துத் தட்டித் தட்டி எடுத்தார்கள். பெரிய ஸ்டியரிங்கைத் தண்டில் இறக்கினால், நானா சொன்னபடியே ஆடியது. மாமா ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த பித்தளைத் தகட்டைக் கேட்டு வாங்கி வந்து, தண்டில் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் இறக்கினார். முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் காருக்கு முன்னால் குந்திக்கொண்டு, "இடது பக்கம்! போதும்! ஐயோ, ரொம்பப் போயிருச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். மாமா ஆப்பை அடித்து, மரையை முறுக்கினார்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். வளையம் தொடையில் இடித்தது. அவர் முகத்தில் எரிச்சல் கூடுவதற்குள் அம்மா இருக்கையைக் கழற்றி, தையலைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்த தேங்காய்த் தும்பில் பாதியை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். ஊசி நூலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டே அவள் கொட்டகைக்கு வந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை துரை ஸ்டியரிங்கைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஏறிக்கொண்டார். கார் இறங்கும் பாதை எங்கள் வாசலிலிருந்து தெரியும். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலுக்கு நேர் கீழே முதல் வளைவு வந்தது. அப்பாவின் இடது கை ஒரு சுற்றுச் சுற்றியது. வலது உள்ளங்கை வெறுமனே மேலே கிடந்து வழிவிட்டது. மாவாட்டுவதைப் போல அவ்வளவு நிதானமாக இருந்தது அந்தத் திருப்பம். கார் மண்மேட்டையும் தொடவில்லை, பள்ளத்தையும் எட்டிப்பார்க்கவில்லை. இரண்டாவது வளைவும் அப்படியே. மூன்றாவதில் மூடுபனி காரை மறைத்துவிட்டது. அம்மா அப்புறமும் வெகுநேரம் நின்றாள். அப்பா தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்த சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டினாள். கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்ன துரை கடைசிவரை எழுதவில்லை.

அன்று கருவாட்டுக் குழம்பு. அப்பா தன் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தார்.

"அவனுக்குக் குடுத்துவிட்டியா?" என்றார் அம்மாவிடம்.

"இனித்தான்."

"துண்டு பெருசாப் போடு."

திட்டிய வாயே துண்டைப் பெரிதாகப் போடச் சொல்கிறதே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. எனக்கு வரவேண்டிய துண்டுதான் அப்படிப் போகிறது என்று கோபமும் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். மாமா மேல்காட்டிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது.

"ஒங்கப்பா வளைவுல எப்படித் திருப்புனாரு?" என்று கேட்டார்.

"நல்லாத் திருப்புனாரு."

மாமா சிரித்தார். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, அடுப்புக்குள் கையை விட்டு, கனிந்த கங்கு ஒன்றை இரண்டு விரலால் எடுத்துப் பற்றவைத்தார். எப்போதும் அப்படித்தான் பற்றவைப்பார்.

"மாமா, அன்னைக்குக் கற்பூரம் ரொம்பச் சுட்டுருச்சா?"

"ஆமா தாயி, தாங்க முடியல" என்றார். கங்கு இன்னும் அவர் விரல்களில்தான் இருந்தது.

பாவம் மாமா என்று நினைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.